பி. சவரிமுத்து நுழைந்தார்

எங்கள் ஆபீசில் அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் கைநாட்டு. கடவுச்சொல்லே வேண்டாமாம். விரலை வைத்தால் கம்ப்யூட்டர் திறந்துகொள்ளுமாம். கஸ்தூரி போன் செய்து சொன்னாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கணினிப் பிரிவு அவள் கையில்தான் இருக்கிறது.

"அக்கா, ஆண்டு மலருக்கு ஒன்னு எழுதிக் குடுங்க லா. பாஸ்வர்ட் காலத்துல நாம பட்ட பாடு."

"யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க நல்லா திட்டி எழுதுங்க, நான் படிக்கிறேன்."

அதனால் எழுதுகிறேன். திட்டவும் செய்வேன்.

பீச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கப்பல் சரக்கு ஏஜென்சி ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது ஆண்கள் யாரும் அதன் பக்கத்தில் போகவில்லை. கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயம். "சரோஜா, நீ உக்காரு" என்றார்கள். உட்கார்ந்தேன். அறுபது வயது வரை எழுந்திருக்கவில்லை. பட்டமெல்லாம் கிடையாது. கடைசி வருடங்களில் தலைமை ஆபீஸ், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் கிளை, புக்கிட் தெங்கா கிடங்கு மூன்றுக்கும் சேர்த்து கணினிப் பிரிவு என்றால் நானும் கஸ்தூரியும்தான்.

முன்பெல்லாம் கடவுச்சொற்கள் மஞ்சள் துண்டுச் சீட்டில் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கும். கிடங்கில் ஒருவர் சுவர்க் காலண்டரிலேயே எழுதி வைத்திருந்தார். வருடம் முடிந்ததும் காலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். அதற்குப் பிறகுதான் கடவுச்சொல் பெட்டகம் வாங்கினோம். சுங்கம், துறைமுகம், கப்பல் கம்பெனிகள் என எல்லாக் கடவுச்சொல்லும் ஒரே பெட்டகத்தில் இருக்கும். ஒவ்வொருவரும் தன் பெயரில் நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

எல்லோரிடமும் ஒரே வெர்ஷன் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். எங்களிடம் இல்லை. தலைமை ஆபீசில் புதியது. பட்டர்வொர்த்தில் பாதி புதியது, பாதி பழையது; எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. கிடங்கில் எல்லாமே பழையது. புதிய வெர்ஷன் வந்ததும் திரையில் ஒரு பெட்டி தோன்றும். அதில் இரண்டு பொத்தான். ஒன்று 'இப்போது', இன்னொன்று 'பிறகு'. மனிதனாகப் பிறந்தவன் எவனும் 'இப்போது' என்பதை அழுத்தி நான் பார்த்ததில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். போன் செய்தேன். மீட்டிங்கில் கத்தினேன். "ஆமா அக்கா, ஆமா அக்கா" என்பார்கள். திரும்பிப் போய்ப் 'பிறகு' என்பதை அழுத்துவார்கள்.

சவரிமுத்து அண்ணனின் விஷயம் இந்தக் கோளாறில்தான் தொடங்கியது.

அவர் பட்டர்வொர்த் கிளையின் மூத்த கிளார்க். அவருடைய அப்பா பெயர் பாக்கியநாதன். அதனால் எல்லோருக்கும் அவர் 'பி. சவரிமுத்து'தான். ரப்பர் முத்திரையில்கூட அப்படித்தான் இருக்கும். மகள் பிலோமினாவும் அதே கிளையில் வேலை செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய மேஜையும் கம்ப்யூட்டரும் மகளுக்கு வந்தன.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் அவருடைய கணக்கை நீக்கினேன். அவர் உபயோகித்த துறைமுகக் கடவுச்சொல்லையும் பெட்டகத்திலிருந்து அழித்துவிட்டு, புதிதாக ஒன்று போட்டேன். ஆள் போனால் அதுதான் முறை. மறுநாள் காலையில் பார்த்தால் அழித்தது திரும்ப வந்திருந்தது. மறுபடி அழித்தேன். மறுநாள் மறுபடி வந்தது. தினமும் அழித்தேன், தினமும் வந்தது. ஒரே பெயரில் இரண்டு கடவுச்சொல் இருந்தன. ஒன்று உயிரோடு இருப்பது, இன்னொன்று செத்தது.

அந்த நேரத்தில்தான் புதிய வெர்ஷனில் நுழைவுப் பதிவேடு என்று ஒன்று வந்தது. பெட்டகத்துக்குள் யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று வரிசையாகக் காட்டும். கஸ்தூரி அதைத் திறந்தாள். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, இங்க வாங்க" என்றாள்.

காலை எட்டுப் பத்து. பி சவரிமுத்து நுழைந்தார்.

முந்தின நாள், எட்டுப் பத்து. பி சவரிமுத்து நுழைந்தார். அதற்கு முந்தின நாளும் அதே. கல்லறைத் திருநாளன்று பிலோமினா லீவு போட்டுவிட்டுக் கல்லறைக்குப் போயிருந்தாள். அன்றைக்கும் அதே எட்டுப் பத்து.

"வெளியேறினார்னு ஒரு வரிகூட இல்லக்கா" என்றாள் கஸ்தூரி. "தினமும் உள்ள போறாரு. வரவே மாட்டேங்கிறாரு."

"கணக்கையே அழிச்சாச்சு. எப்படிப் போவாரு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் அதற்கடுத்த நாட்களில் எட்டுப் பத்துக்கு நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். டீ ஆறிப்போகும். வரி வரும். கஸ்தூரி சிலுவை போடுவாள். அவள் இந்து.

இதோடு நின்றிருந்தால் நாங்களே முட்டி மோதிக் கண்டுபிடித்திருப்போம். அதற்குள் ஒரு கண்டெய்னர் மாட்டிக்கொண்டது. பாலிக் புலாவிலிருந்து வந்த உறைய வைத்த டுரியான் பழம். சரக்கை விடுவிக்கக் கிடங்கில் இருந்தவர் துறைமுகக் கணக்கைத் திறக்கப் பார்த்திருக்கிறார். பெட்டகத்தில் இரண்டு கடவுச்சொல் இருந்தது. செத்ததைப் போட்டார். தவறு என்றது. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை கணக்கே பூட்டிக்கொண்டது. கண்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றது. வாடிக்கையாளர் ஆபீஸுக்கு வந்து கத்திவிட்டுப் போனார்.

எங்கள் மேலாளர் துரைராஜு சார் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். எதிரே வருகிறவரை உட்காரச் சொல்வார். பேனாவை மூடுவார். மேஜையில் வைப்பார். பேனாவின் முனை நம்மைப் பார்த்திருந்தால் தீர்ப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம். விசாரணை அதற்குப் பிறகு நடக்கும். ரொம்ப மரியாதையாக நடக்கும்.

அன்றைக்கு முனை என்னைப் பார்க்கவில்லை. பட்டர்வொர்த் பக்கம், கடலைப் பார்த்து இருந்தது.

"சரோஜா, எட்டுப் பத்துக்குக் கிளையில யாரும் இல்ல. கேமராவுல பார்த்தாச்சு. அப்போ வெளியில இருந்து யாரோ நுழையுறாங்க. சவரிமுத்துவோட பாஸ்வர்ட் யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"அவரு கணக்கே இல்ல சார். நான் அழிச்சிட்டேன்."

"அழிச்சது திரும்ப வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவரே தொடர்ந்தார்.

"வீட்டுல இருந்தபடியே மக நுழையுது. செத்தவர் பேர்ல. பழைய பாஸ்வர்டைத் திரும்பப் போடுது. ஏன்னு தெரியல, எனக்குத் தெரியவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை விசாரணை வைக்கிறேன். மெஷின் பொய் சொல்லாது இல்லையா?"

விசாரணை என்றால் வேலை நீக்கம்தான். பிலோமினாவுக்குத் தாய் கிடையாது. அப்பாவும் போய்விட்டார். செத்த தகப்பனின் கடவுச்சொல்லைத் திருடி உபயோகித்தவள் என்று எழுதி அனுப்பினால், இந்தத் துறைமுகத்தைச் சுற்றி எந்த ஆபீசும் அவளைச் சேர்க்காது. எனக்குத் துரைராஜு சார்மேல் ஆத்திரமாக வந்தது. எனக்கு விஷயம் தெரிந்திருந்தால் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். தெரியவில்லை. அதனால் ஆத்திரம் இரண்டு மடங்காக இருந்தது.

புதன்கிழமை முதல் ஃபெரியில் பட்டர்வொர்த் போனேன். கிளைத் தலைவரிடம் முந்தின நாளே சாவி வாங்கியிருந்தேன். ஏழரைக்குத் திறந்து உள்ளே போனேன். ஜன்னல் மறைப்புகள் மூடியிருந்தன. விளக்கைப் போடவில்லை. சவரிமுத்து அண்ணனின் மேஜைக்கு எதிரே, திரை தெரியும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரையின் மூலையில் ஒரு ஜெபமாலை தொங்கியது. அவருடைய ரப்பர் முத்திரை மைப் பெட்டிமேல் இருந்தது. நாற்காலி முதுகில் அவர் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை. மகள் எதையும் எடுக்கவில்லை.

எட்டுப் பத்துக்கு மெஷினுக்குள்ளே ஏதோ கிளிக் என்றது. விசிறி சுழலும் சத்தம் கேட்டது. திரை வெளுத்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டகம் தானாகத் திறந்தது. பெயர் இருக்கும் கட்டம் தானாக நிரம்பியது. கடவுச்சொல் கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அந்த மேஜைக்கு முன்னால் யாரும் இல்லை.

கைப்பேசி அடித்தது. கஸ்தூரி.

"அக்கா. வந்துட்டாரு."

"தெரியும். எதிர்ல உக்காந்திருக்கேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா!"

போனை வைத்ததும் மூளை வேலை செய்தது. தினமும் எட்டுப் பத்துக்கு இந்த மெஷின் தானாக எழும்படி செய்து கொடுத்தவள் நானே. பல வருடங்களுக்கு முன்னால் அவர் கேட்டார். "தங்கச்சி, பூசை முடிஞ்சு நான் வந்து உக்காந்தா மெஷின் ரெடியா இருக்கணும். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்ல." போட்டுக் கொடுத்தேன். அடியோடு மறந்துவிட்டேன். ஆள் போய்விட்டார். அவருடைய அவசரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டகத்தைப் பார்த்தேன். பழைய வெர்ஷன். பழையதற்கு அழிப்பது என்றால் என்னவென்று புரியாது. புதியதில் ஒன்றை அழித்தால், 'இது எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது' என்று நினைத்துத் தன்னிடம் இருக்கும் பிரதியை எடுத்துத் திரும்ப வைத்துவிடும். அந்தக் கடவுச்சொல்லை முதலில் போட்டது இந்த மெஷினில், அதனால் பிரதியும் இதில் மட்டும்தான் இருந்தது. செத்த கடவுச்சொல் தினமும் எழுந்து வந்த கதை இதுதான். அதுவரைக்கும் விளங்கியது.

பெயர் விளங்கவில்லை. பெட்டகத்தில் நுழைந்திருந்தது பிலோமினாவின் கணக்கு. 'என்னை நினைவில் வை' என்பதில் அவள் டிக் போட்டிருந்தாள், அதனால்தான் தானாக நுழைகிறது. அப்படியென்றால் பதிவேட்டில் அவள் பெயர்தானே வரவேண்டும்? அவள் நுழைந்தால் அப்பா பெயர் ஏன் வருகிறது? சோதித்துப் பார்க்க, அவள் கணக்கை மூடிவிட்டு என் கணக்கில் ஒரு தடவை நுழைந்தேன். வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு ஃபெரி ஏறினேன்.

தலைமை ஆபீசில் கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"அக்கா, உங்க அப்பா இருக்காரா?"

"செத்து முப்பது வருஷமாச்சு. ஏன்?"

திரையை என் பக்கம் திருப்பினாள்.

காலை எட்டு இருபத்தாறு. பி முனியாண்டி நுழைந்தார்.

என் அப்பா இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளத் தாளில் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த விரலை வேட்டியில் துடைப்பார். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே போய்விட்டார். அவர் பெயர் அந்தத் திரையில் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஒரே ஒரு எழுத்துதான் என்னை எழுப்பியது. என் தாத்தா பெயர் வீரப்பன். என் அப்பாவுக்கு முன்னால் எழுத்துப் போட்டால் 'வி' என்றுதான் வரும். 'பி' எங்கிருந்து வந்தது?

இந்த நாட்டில் நம் ஆட்களின் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆண் என்றால் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/எல். மலாயில் மகன் என்று அர்த்தம். பெண் என்றால் ஏ/பி. மகள். என் முழுப் பெயர் சரோஜா ஏ/பி முனியாண்டி. பழைய பெட்டகம் அந்தச் சாய்ந்த கோட்டைப் பார்த்ததும், பெயர் அங்கே முடிந்து புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை வெட்டிவிட்டு, அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் பதிவேட்டுக்கு அனுப்புகிறது. பி முனியாண்டி. பி சவரிமுத்து.

மலாய்க்காரர் பெயரில் அந்தக் கோடு இல்லை. சீனர் பெயரிலும் இல்லை. கிடங்கில் எல்லோரும் பழைய வெர்ஷன்தான், ஆனால் அங்கே ஒரு தமிழன்கூட இல்லை. பட்டர்வொர்த்தில் பழையதில் இருந்த தமிழர் பிலோமினா ஒருத்திதான். எங்கோ உட்கார்ந்து இதைச் செய்தவனுக்கு, மனிதர்களின் பெயருக்கு நடுவே ஒரு கோடு இருக்கும் என்று தோன்றவில்லை. அவனைக்கூட மன்னிக்கலாம். பதிவேட்டைப் பார்த்த நாங்கள் எல்லோரும் தமிழர்கள். அந்தப் 'பி'யைப் பார்த்ததும் பாக்கியநாதனுக்கு உரிய எழுத்து என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். செத்தவர் பெயரைப் பார்த்து அலறினோமே தவிர, அதற்கு முன்னால் 'மகள்' என்று ஓர் எழுத்து நிற்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி பட்டர்வொர்த் போனேன். பிலோமினாவைக் கிளைக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். விளக்கிச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"பக்கத்து மேஜையில புது வெர்ஷன். அதுல காலையில வந்ததும் பதிவேட்டைப் பார்ப்பேன். அப்டேட் பண்ணினவங்களுக்கெல்லாம் முழுப் பேரு வருது. எனக்கு மட்டும் அப்பா பேரு வருது. பண்ணிட்டா போயிடும்னு தெரிஞ்சிச்சு."

"அதனால 'பிறகு' அழுத்தினியா? இத்தனை மாசமா?"

"தினமும் அழுத்தினேன்."

"அந்த மெஷினாலதான் கண்டெய்னர் நின்னுச்சு. அது தெரியுமா உனக்கு?"

"அது தெரியாது அக்கா. சத்தியமா தெரியாது. அந்தக் கோடுன்னு சொல்லியிருந்தா, ஏன் அப்டேட் பண்ணலன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? செத்துப்போன அப்பா பேரைப் பார்க்கன்னு சொல்லவா?"

கோபமாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் நான் எவ்வளவு நேரம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. டீயைக் குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. துரைராஜு சார் பேனாவை மூடி வைத்தார். முனை பிலோமினாவைப் பார்த்திருந்தது. நான் என் அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் பதிவேட்டின் பக்கத்தை வைத்தேன்.

"மெஷின் பொய் சொல்லலை சார். பாதியை வெட்டிட்டுச் சொல்லுது. இது என் அப்பா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவரு. அவருக்கும் ஒரு விசாரணை வைங்க."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருடைய பெயரிலும் அந்தக் கோடு உண்டு. தன் அட்டையை எடுத்துப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"சரி. அந்த மெஷினை ஏன் அப்டேட் பண்ணல?"

பிலோமினா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "என் லிஸ்ட்ல பட்டர்வொர்த் முடிஞ்சதுன்னு டிக் போட்டது நான். நேர்ல போய்ப் பார்க்கலை. கிளைத் தலைவரு மெஷின் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சதுன்னு நெனைச்சேன்."

அது பொய் இல்லை. உண்மையிலேயே டிக் போட்டிருந்தேன். எல்லோரையும் 'பிறகு'வுக்காகத் திட்டியவள், கடலைத் தாண்டிப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். பிலோமினாவின் வேலை தப்பியது. துரைராஜு சார் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்காதீர்கள். பேனாவைத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிற்பகலிலேயே பட்டர்வொர்த் போய் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பெட்டி தோன்றியது. 'இப்போது', 'பிறகு'. பிலோமினா பின்னால் நின்றாள்.

"கடைசியா ஒரு தடவை உள்ள போறியா?" என்றேன்.

'பிறகு' என்பதை அழுத்திவிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவள் தன் கையாலேயே டைப் செய்து நுழைந்தாள். பிறகு நான் உட்கார்ந்து என் கணக்கில் நுழைந்தேன். கஸ்தூரிக்குப் போன் செய்தேன்.

"என்ன வந்திருக்கு? படி."

"பி சவரிமுத்து நுழைந்தார்." அடுத்த வரிக்குப் போனாள். "பி முனியாண்டி நுழைந்தார். அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்காங்க."

"சரி. வை."

'இப்போது' என்பதை அழுத்தினேன். அதற்குப் பிறகு முழுப் பெயர்தான் வந்தது, இன்றுவரைக்கும்.

கஸ்தூரி, கைநாட்டு வந்ததும் பழைய பதிவேட்டை அழித்துவிடுவதாகச் சொன்னாய். அழித்துக்கொள். அதற்கு முன்னால் அந்த வெள்ளிக்கிழமையைத் திறந்து பார். பழைய வெர்ஷனுக்கு வெளியேறினார் என்று எழுதத் தெரியாது. இரண்டு பேரும் நுழைந்தார்கள் என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே எங்கேயும் அவர்கள் வெளியே வந்ததாக இல்லை.